உஷார்! கை இருக்கும்; கையெழுத்து செல்லாது

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் இருக்கிறாரா? பதினைந்து, பதினாறு வயதை எட்டிய சிறப்புக் குழந்தை இருக்கிறதா? இருந்தால், இதை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

நான் எச்சரிப்பது இரண்டு தேதிகளைப் பற்றி. முதலாவது, பெரியவரின் நினைவு தப்பும் நாள். அது எந்த நாட்காட்டியிலும் இருக்காது. இரண்டாவது, அந்தக் குழந்தையின் 18-ஆவது பிறந்தநாள். அது குழந்தை பிறந்த அன்றே உங்களுக்குத் தெரியும். இந்த நாட்கள் கடந்த மறுநாள் காலையில், அதே காபி, அதே மாத்திரை, அதே வீடு. ஆனால், நேற்றுவரை போட முடிந்த கையெழுத்தை இன்று சட்டம் ஏற்காது.

என் பெரியப்பா வீட்டில் அப்படித்தான் நடந்தது.

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மளிகைச் சீட்டைக்கூடத் தேதி போட்டுக் கம்பியில் குத்தி வைப்பார். அவருடைய ஒரே மகன், எங்கள் அண்ணன், பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர். அப்போது வயது 38. பெரியப்பாவுக்கு முதலில் பெயர்கள் மறந்தன. பிறகு, கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மறந்தது. அந்த வருஷ ஐப்பசி மழையில் பெரியம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும். பணம் இருந்தது. வங்கியில், பெரியப்பாவின் ஒற்றைப் பெயரில், டெபாசிட்டாக.

கைத்தாங்கலாக அவரை வங்கிக்கு அழைத்துப்போனோம். மேலாளர் மரியாதையாக எழுந்து நின்று, "சார், எந்த டெபாசிட்டை முடிக்கணும்?" என்று கேட்டார். பெரியப்பா அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ எந்த வகுப்பு, தம்பி?" என்றார்.

மேலாளர் படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்த நிலைமையில நான் சார்கிட்ட கையெழுத்து வாங்கினா, அது பெரிய தப்பாயிடும்மா" என்றார் என்னிடம். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வாரம் பெரியம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின.

ஆயுள் முழுக்கச் சேமித்த மனிதரின் வீட்டில் நடந்தது இது. உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உஷார் 1: 'பவர் எழுதி வாங்கியாச்சு' என்ற நிம்மதி

"அப்பாகிட்ட பவர் வாங்கி வெச்சிருக்கோம், கவலையில்ல" என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201-ஐ அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தாலோ, அவருக்கு மனத்தெளிவு போய்விட்டாலோ, அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக அதை எழுதி வாங்கினீர்களோ, அந்த நாளில்தான் அது செல்லாமல் போகும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். இங்கிலாந்து போன்ற நாடுகளில், நினைவு தப்பிய பிறகும் செல்லுபடியாகும் அதிகார ஆவணம் உண்டு. அதே நம்பிக்கையில் இங்கேயும் எழுதி வைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஓர் ஆவணத்துக்குச் சட்டம் இல்லை.

சரி, நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால்? 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மாவட்ட நீதிமன்றமே பாதுகாவலரையும் சொத்துக்கு ஒரு மேலாளரையும் நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வழி இல்லை. அதிலுள்ள 'நியமனப் பிரதிநிதி', சிகிச்சை சம்பந்தப்பட்ட முடிவுகளுக்குத் துணை நிற்பவர் மட்டுமே. அவரால் வங்கிக் கணக்கைத் தொட முடியாது.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். கணவர் கோமாவில். சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் அவருடைய சொத்தை விற்றாக வேண்டும். தனி நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வுதான் மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் டெபாசிட் செய்யவும் உத்தரவிட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால், தன் வீட்டுப் பணத்தைத் தன் வீட்டுக்காரருக்குச் செலவழிக்க ஒரு பெண் உயர் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது.

இன்றே செய்யவேண்டியது எளிது. பெரியவரின் கணக்கைக் கணவன், மனைவி இருவர் பெயரிலோ, நம்பகமான பிள்ளையோடு சேர்த்தோ, 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில் மாற்றுங்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அதன் பொருள். இதிலும் ஒரு கண்ணி உண்டு. டெபாசிட் முதிர்ந்த பிறகு எடுக்க ஒருவர் கையெழுத்துப் போதும். முதிர்வுக்கு முன்பே முடிக்க, இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். அதனால், டெபாசிட் போடும்போதே முன்கூட்டி முடிப்பதற்கான ஒப்புதலையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மொத்தத் தொகையையும் ஒரே ரசீதாகப் போடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி பிரித்துப் போடுங்கள்.

உடல் மட்டும் முடங்கியவருக்கு வழி உண்டு. கை அசையாவிட்டால், கால் பெருவிரல் ரேகையைக்கூட இரண்டு சாட்சிகள் முன்னால் ஏற்றுக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்கவேண்டும். அந்த ரேகைக்குப் பின்னால் மனத்தெளிவு இருக்கவேண்டும். அது போய்விட்டால் எந்த விரலும் உதவாது.

உஷார் 2: செட்டில்மென்ட் பத்திரம்

"உயில் எழுதினா பின்னாடி கோர்ட்டு, கேசுன்னு அலையணும்ப்பா. செட்டில்மென்ட்டா எழுதிடுங்க. குடும்பத்துக்குள்ளன்னா செலவும் கம்மி." எத்தனை வீட்டுத் திண்ணைகளில் இந்தப் பேச்சு!

உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படியல்ல. பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். 'சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டேன்' என்ற ஒரு வரியில், முப்பது வருஷம் கடன் கட்டிய வீட்டில் பெற்றவர்கள் விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். பிறகு மனம் மாறினாலும், நினைத்தபோது போய் ரத்து செய்ய முடியாது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இதற்கு ஒரு கவசம் வைத்திருக்கிறது. பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு, பிறகு கைவிட்டால், பிரிவு 23-இன் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். இதை விசாரிக்கும் தீர்ப்பாயம், தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையில் இயங்குகிறது.

'நிபந்தனை' என்ற சொல்லில்தான் சிக்கல். அந்த நிபந்தனை இருந்தால்தான் பிரிவு 23 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், இதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிக் கொடுத்த சொத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினம் மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பையும் பாசத்தையும் கருதி எழுதிய பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை உள்ளுறையாக இருக்கிறது, அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. நெஞ்சை நிமிர்த்தும் தீர்ப்புகள். ஆனால், அந்தத் தாய்மார்கள் தள்ளாத வயதில் வழக்காடிப் பெற்றவை அவை.

அந்த நிலை வராமல் இருக்க, எழுதுவதற்கு முன்பே யோசியுங்கள். உயிலே போதும் என்றால் செட்டில்மென்ட் வேண்டாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், மூன்று விஷயங்கள் பத்திரத்தில் வரிவரியாக இருக்கவேண்டும். ஆயுள் பரியந்தம் அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை. உங்கள் காலம்வரை அதை விற்கவோ அடமானம் வைக்கவோ தடை. உணவும் மருத்துவமும் பராமரிப்பும் தவறினால் பத்திரம் ரத்து. பத்திரம் எழுதுபவரிடம் வரைவை வாங்கி, வீட்டில் உட்கார்ந்து, நீங்கள் நம்பும் வேறொருவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சார்பதிவாளர் முன்னால் போய் நிற்கும்போது முதல் முறையாக அதைப் பார்க்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, கைநாட்டு, கண்டிப்பாகக் கூடாது. கேட்பவர் பெற்ற பிள்ளையாக இருந்தாலும்.

ஏற்கெனவே கைவிடப்பட்டிருக்கிறீர்களா? கோட்டாட்சியரிடம் நீங்களே மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567. அதை வீட்டுப் பெரியவரின் கைப்பேசியில் இப்போதே பதிந்து கொடுங்கள்.

உஷார் 3: நாமினி சொத்துக்கு உரிமையாளர் அல்ல

பெரியப்பாவின் டெபாசிட்டுக்கு நாமினி, அண்ணன். பாசத்தில் போட்ட பெயர். பெரியப்பா காலமான பிறகுதான் அதன் கனம் புரிந்தது. பணம் யார் கைக்கு வரவேண்டுமோ, அவருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. அவருக்காகப் போடுவதற்குச் சட்டப்படி யாரும் நியமிக்கப்படவும் இல்லை.

நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. பெற்றதை உரிய வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. வங்கி டெபாசிட்டாக இருந்தாலும் பங்குகளாக இருந்தாலும் இதுதான் நிலை என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பங்குகள் விஷயத்தில் கடைசியாகச் சொன்னது 2023 டிசம்பரில். 'நாமினி போட்டாச்சு, அதனால் உயில் வேண்டாம்' என்று நினைப்பது தவறு. 'உயில் எழுதியாச்சு, நாமினி எதற்கு' என்பதும் தவறு. இரண்டும் வேண்டும், இரண்டும் ஒரே திசையைக் காட்டவேண்டும்.

2025 நவம்பர் 1 முதல், ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள்வரை போடலாம்; யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். கல்யாணத்துக்கு முன் கொடுத்த படிவத்தில் அம்மா பெயரே இன்னும் இருக்கும் கணக்குகளைத் தேடிப் பிடித்துத் திருத்த இது நல்ல சமயம்.

உஷார் 4: அந்தப் 18-ஆவது பிறந்தநாள்

சிறப்புக் குழந்தையைப் பெற்றவர்களுக்கு இதைச் சொல்லும்போது பலர் திகைத்துப்போகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், நீங்கள் அவருடைய இயற்கைப் பாதுகாவலர் இல்லை. சட்டத்துக்கு அவர் வயது வந்த குடிமகன். அவர் பெயரில் உள்ள பணத்துக்கும் நிலத்துக்கும், 'நான் பெத்த அம்மா' என்று சொல்லிக் கையெழுத்துப் போட முடியாது. எங்கள் அண்ணனுக்கு 38 வயதாகும்வரை இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தெளிவான வழி வைத்திருக்கிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழு உண்டு. விண்ணப்பித்தால் அந்தக் குழுவே சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கும். நீதிமன்றம் போகவேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பெரியம்மா, வாக்கரை ஊன்றிக்கொண்டு, அங்கே போய்த்தான் அண்ணனுக்குப் பாதுகாவலரானார். அதன் பிறகே வங்கி பணத்தைக் கொடுத்தது.

பாதுகாவலருக்குக் கடமைகளும் உண்டு. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்கவேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். கொடுமைப்படுத்தினாலோ சொத்தைச் சுருட்டினாலோ குழு அவரை நீக்கலாம். அதே சட்டத்தின் கீழ் வரும் 'நிராமயா' திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவக் காப்பீடும் கிடைக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே சட்டத் தகுதி உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் சொல்கிறது. உங்கள் பிள்ளையால் எது முடியும், அவருக்கு எது பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் பாதுகாவலர். அவர் வாயை மூடுவதற்கு அல்ல.

உஷார் 5: 'தம்பி பார்த்துப்பான்'

நமக்குப் பிறகு யார்? சிறப்புக் குழந்தையைப் பெற்ற எல்லோரையும் இரவில் தூங்கவிடாத கேள்வி. வழக்கமாக வரும் பதில், "தம்பி பார்த்துப்பான், தங்கச்சி கைவிட மாட்டா."

தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குக் கடன் வந்தால், அவர் பெயரில் எழுதி வைத்த அண்ணன் பங்குக்கும் சேர்த்துத்தான் கடன்காரர் வருவார். தம்பி முந்திப் போய்விட்டால், வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் அவர் மனைவி, மக்களைக் கட்டுப்படுத்தாது. சரி, சொத்தை நேரே அந்தப் பிள்ளை பெயரிலேயே எழுதினால்? யாரோ ஒருவர் ஆசை காட்டிக் கைநாட்டு வாங்கிவிடும் ஆபத்து. அல்லது, தேவைப்படும்போது யாராலும் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாத முடக்கம்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி, அந்தப் பிள்ளையின் நலனுக்கென்றே ஒரு தனியார் அறக்கட்டளை. கோடீஸ்வரர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை இது. ஒரு வீட்டு வாடகையும் ஒரு டெபாசிட்டும் இருந்தாலே போதும். சொத்து அறக்கட்டளையின் கையில். பலன் பிள்ளைக்கு மட்டும். அறங்காவலர் ஒருவராக இருக்க வேண்டாம், குறைந்தது இருவர். ஒருவர் உறவினர் என்றால், மற்றவர் வெளியாள். அவர்களுக்குப் பிறகு யார் என்பதும் பத்திரத்திலேயே இருக்கட்டும். பெரிய சொத்தை எழுதி வைக்கும் இந்தப் பத்திரத்துக்கு நல்ல வழக்கறிஞரின் துணை அவசியம்.

பெற்றோர் அரசு ஊழியராகப் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வு பெற்றவர் என்றால், சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு, வயதானாலும் ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதி உண்டு. உயிரோடு இருக்கும்போதே, மருத்துவச் சான்றோடு, பி.பி.ஓ. என்று சொல்லப்படும் ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பெரியப்பா சேர்க்கவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஜாதிச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் சரிபார்த்த மனிதர், தன் பிள்ளைக்கான ஒரு தாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னொரு காகிதமும் எழுதுங்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். பிள்ளைக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சோற்றில் ரசத்தைத் தனியாக ஊற்றினால்தான் சாப்பிடுவார், இடி இடித்தால் பயப்படுவார், பயந்தால் எந்தப் பாட்டைப் போடவேண்டும். நீங்கள் மட்டுமே அறிந்த இந்த விஷயங்கள் உங்களோடு போய்விட்டால், அந்தப் பிள்ளை இரண்டாம் முறை அநாதை ஆகும்.

உயில்: நிற்கும்படி எழுதுங்கள்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை; ஆனால் பதிவது நல்லது. நடக்க முடியாதவர் என்றால், சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். எழுதுபவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அவர் எதிரிலேயே அவர்களும் போடவேண்டும். சாட்சிகள் வயதில் இளையவர்களாக, பின்னாளில் நீதிமன்றத்துக்கு வரக்கூடியவர்களாக இருக்கட்டும். உயிலில் பங்கு பெறுபவர் சாட்சியாக வேண்டாம். அன்றைய தேதியில், மனத்தெளிவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று வாங்கி இணையுங்கள். இஸ்லாமியர்களுக்கு விதிகள் வேறு. பொதுவாக, சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

மறதி நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. எழுதும் அந்த நேரத்தில் தெளிவு இருந்ததா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. ஆரம்பக் கட்டம் என்றால், அந்த வாரமே செய்யுங்கள். அடுத்த மாதம் அவர் உங்களையும் "எந்த வகுப்பு?" என்று கேட்கலாம்.

இந்த மாதத்துக்குள்

1. வங்கிக் கணக்கு, டெபாசிட், காப்பீடு, பத்திரம், பட்டா, நகை லாக்கர், கடன் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். நோட்டு இருக்கும் இடம் இரண்டு பேருக்காவது தெரியட்டும்.

2. ஒற்றைப் பெயரில் உள்ள கணக்குகளைக் கூட்டுக் கணக்காக்குங்கள்; டெபாசிட்டை முன்கூட்டி முடிக்கும் ஒப்புதலையும் சேர்த்து.

3. நாமினி பெயர்களைச் சரிபாருங்கள்.

4. உயிலை எழுதி, மருத்துவச் சான்றோடு பதியுங்கள்.

5. செட்டில்மென்ட்டுக்கு யாராவது அவசரப்படுத்தினால், பதினைந்து நாள் தள்ளிப்போடுங்கள். பாசம் பதினைந்து நாள் பொறுக்கும்.

6. சிறப்புக் குழந்தைக்குத் தனித்துவ அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா பாருங்கள். 17 வயதிலேயே உள்ளூர்க் குழுவுக்கான தாள்களைத் திரட்டத் தொடங்குங்கள்.

'சாவைப் பத்தி எதுக்கு இப்பவே பேசணும், அபசகுனம்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பெரியப்பாவிடம் நாங்களும் அதனால்தான் பேசவில்லை. உங்கள் அப்பாவின் நினைவு இன்றைக்குத் தெளிவாக இருக்கிறது. இன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை எடுங்கள். தயவுசெய்து, இன்றைக்கே.